அந்திரேயா ஆலயம் ஏரியைக் கடந்த வருஷம்

பிப்ரவரி கடைசியில் மழை பெய்யும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் பெய்தது. விட்டுவிட்டுப் பெய்து, உறைந்துபோன வின்டம் ஏரியின் மேல் கிடந்த வெண்பனியை எல்லாம் கஞ்சியாக்கிவிட்டுப் போனது. பிறகு வடக்குக் காற்று திரும்பியதும் அந்தக் கஞ்சி அப்படியே இறுகிச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மேற்குக் கரையில், பார்ட்லெட் கிராமத்துப் புனித அந்திரேயா ஆலயம் அஸ்திவாரத்தை விட்டுக் கிளப்பப்பட்டு, இரண்டு பெரிய சறுக்குக் கட்டைகளின் மேல் ஏரியைப் பார்த்தபடி நின்றது.

கெசியா ப்ரூயிட் சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே உப்புப் பன்றிக்கறியை வாணலியில் புரட்டினாள். அவள் அப்பா ஓபெத் கட்டிய கோவில் அது. ஆணி அடித்த கை அவருடையது, பலகை இழைத்த கையும் அவருடையது. மணிக்கூண்டின் உச்சியில் சிலுவையை நிறுத்தும்போது அவள் கீழே நின்று கயிறு பிடித்திருக்கிறாள். அப்போது பார்ட்லெட்டில் மர அறுவை ஆலை ஓடியது. ரயில் கிழக்குக் கரையில் போர்ட் லைல் பக்கமாக வந்ததும் ஆலை அங்கே போயிற்று. ஆலைக்குப் பின்னால் ஆட்கள் போனார்கள். கிறிஸ்துமஸ் அன்று குருவானவர் அவெரில் ஏரியைக் கடந்து வந்து, கெசியாவுக்கும் அவள் கணவன் லெமுவேலுக்கும் புகைந்துகொண்டிருந்த கணப்பு அடுப்புக்கும் ஆராதனை நடத்திவிட்டுத் திரும்பினார். அதன் பிறகுதான் பேராயர் சொல்லியனுப்பினார். ஈஸ்டருக்குள் ஆலயம் மக்கள் இருக்கிற கரைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் பலகையைக் கழற்றி விற்றுவிடலாம் என்று.

லெமுவேல் உள்ளே வந்து, பனிக்கட்டியில் துளை போடும் நீளக் கருவியைக் கதவோரம் சாத்தினான். அவன் மீசையில் பனி உறைந்திருந்தது. மேஜையில் அவன் தம்பி ஜோத்தாமும், ஐஸ் அறுக்கும் வேலைக்கு வருகிற கனடாக்காரன் தியோஃபிலும் ஏற்கெனவே உட்கார்ந்து பீன்ஸை வழித்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்றாள் கெசியா.

"இருக்கு."

"இருக்குன்னா?"

"கனம் இருக்கு. ஆனா ரெண்டு அடுக்கா இருக்கு. அடியில கறுப்பு ஐஸ் பாளம், அது நல்ல பாளம். மேல இந்த மழையில உறைஞ்ச வெள்ளை. நடுவுல தண்ணி நிக்குது. துளை போட்டா பொங்கிட்டு வருது."

"அப்ப அது பாளம் இல்லண்ணே," என்றான் தியோஃபில். "நடுவுல ஜாம் தடவின ரொட்டி."

ஜோத்தாம் சிரித்தான். லெமுவேல் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி அடுப்பின் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"எல்லா இடத்துலயும் அப்படியா, இல்ல அங்கங்கயா?" என்று ஜோத்தாம் கேட்டான்.

"ஆறு வந்து விழற வாய்க்கு நேரா கொஞ்ச தூரம் அப்படித்தான். மத்த இடம் பரவால்ல."

"அப்ப அந்தக் கொஞ்ச தூரம் வேகமா போயிடலாம்."

"கோவிலை வச்சிக்கிட்டு எப்படிடா வேகமா போறது? அது என்ன கல்யாண வண்டியா?"

கெசியா கறித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "நீ என்னதான் சொல்ற லெம்?"

"அடுத்த ஜனவரியில இழுக்கலாம்னு சொல்றேன். குளிர் முத்தினப்புறம்."

"அடுத்த ஜனவரியில இழுக்கறதுக்கு என்ன இருக்கும்? அதான் ஈஸ்டருக்கு மேல வித்துடுவேன்னு சொல்லிட்டாங்களே."

"பேராயர்கிட்ட பேசிப் பாக்கலாம்."

"யாரு, நீயா? கடைக்காரன்கிட்ட உப்பு கேக்கவே என்னை அனுப்பறவன் நீ. நீ போய்ப் பேராயர்கிட்ட பேசப் போறியா?"

"அண்ணி சொல்றதும் நியாயந்தான்," என்றான் ஜோத்தாம். அவன் போர்ட் லைலுக்குக் குடிபோய்ச் சில வருஷமாகிறது. "ஞாயித்துக்கிழமை நாங்க எங்க போறது? காங்கிரகேஷன் சபைக்காரங்க கோவிலுக்குப் போனா பின்னால உக்கார வைக்கிறாங்க. நாம முழங்கால் போட்டா அவங்க பிள்ளைங்க சிரிக்குது. பாதி போப்பாண்டவர் ஆளுங்கன்னு பேசிக்கிறாங்க."

"நான் முழு போப்பாண்டவர் ஆளு," என்றான் தியோஃபில். "என்னைப் பாத்து யாரும் சிரிக்கறதில்ல. தைரியம் இல்ல அவங்களுக்கு."

லெமுவேல் ரொட்டியைப் பிய்த்தான். "கோவில் போனா போகட்டும்னு நான் சொல்லல கெசியா. சாலமோனும் சேபாவும் உள்ள போச்சுன்னா நம்ம பொழப்பு போச்சு. குதிரை இல்லாம ஐஸ் அறுக்க முடியாது, மரம் இழுக்க முடியாது. அத யோசி."

அந்த நேரத்தில் அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவளுக்கே அது பின்னால் தெரிந்தது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே கோவில் அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கிற அநாதைப் பெண் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அந்தக் கோபம் எல்லாம் கைக்கு எட்டியவன் மேல் வந்து விழுந்தது.

"குதிரைங்கள பத்தின பயம் இல்ல இது," என்றாள். "தண்ணி பயம். இந்த ஏரிக்கரை முழுக்கப் பாளம் அறுத்துக் குடுக்கற ஆளு, உள்ளுக்குள்ள வெறும் பயந்தாங்கொள்ளி. எங்கப்பா உயிரோட இருந்திருந்தா தானே தோள்ல கயிறு போட்டு இழுத்திருப்பாரு."

தியோஃபிலின் கரண்டி பாதியில் நின்றது. ஜோத்தாம் தட்டைப் பார்த்தான்.

லெமுவேல் ரொட்டித் துண்டால் தட்டில் இருந்த கறிக் கொழுப்பைச் சுற்றித் துடைத்து, நிதானமாக மென்று விழுங்கினான். பிறகு எழுந்து, ஈரம் காயாத கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"நாளைக்குக் காலையில," என்றான், தம்பியைப் பார்த்து. "வெயில் ஏறறதுக்கு முன்னாடி. உன் குதிரை ஜோடியையும் ஓட்டிட்டு வா."

நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் அன்று முழுவதும் கெசியாவுக்கு எதைச் செய்தாலும் கை சரியாக ஓடவில்லை. ஆப்பிள் வற்றலை ஊறவைத்துவிட்டு, அடுப்பில் ஏற்ற மறந்துபோனாள்.

மறுநாள் விடிந்தபோது மூச்சு விட்டால் தாடியில் ஒட்டுகிற குளிர். அது நல்லது என்றார்கள். போர்ட் லைலில் இருந்து பெண்கள் சிலரும் வந்து கரையில் தீ மூட்டிக் காபி கொதிக்கவைத்தார்கள். குருவானவர் அவெரில் தொப்பியைக் கழற்றி ஜெபம் சொன்னார். இளவயதுக்காரர், நகரத்தில் படித்தவர், ஆனால் முந்தின வாரம் முழுவதும் ஆட்களோடு சேர்ந்து கடப்பாரை பிடித்ததில் இரண்டு உள்ளங்கையும் புண்ணாகிக் கிடந்தது. ஜெபம் முடிந்ததும் லெமுவேல் அவரிடம் போய், "ஐயா, நீங்க கோவிலுக்குள்ள இருக்க வேணாம். யாரும் உள்ள இருக்கக் கூடாது," என்றான்.

சாலமோனும் சேபாவும் முன்னால். ஜோத்தாமின் ஜோடி அவற்றுக்குப் பின்னால். கோவிலுக்கும் குதிரைகளுக்கும் நடுவில் நீண்ட வடம். ஆண்கள் கட்டைகளுக்குப் பக்கத்தில் பலகைகளோடு நடந்தார்கள். பெண்கள் கரையோடு நிற்க வேண்டும் என்று லெமுவேல் சொல்லியிருந்தான். கெசியா நிற்கவில்லை. அவன் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் போனான். அவள் குதிரைகளுக்கு ஒரு பக்கமாக, கொஞ்சம் தள்ளி நடந்தாள்.

முதலில் கட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. குதிரைகள் தலையைத் தாழ்த்தி அழுத்தின. வடம் விறைத்து முறுகியது. பிறகு எங்கோ அடியில் பல்லைப் பிடுங்கினாற்போல் ஒரு சத்தம் கேட்டு, கோவில் நகர்ந்தது. கரையில் யாரோ அழுதார்கள். மணி தானாக ஒருமுறை ஒலித்தது.

ஏரி பேசிக்கொண்டே வந்தது. பாளத்தின் மேல் பாரம் போனால் அது முனகும், தூரத்தில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் ஓடும். அதெல்லாம் அங்கே எல்லோருக்கும் பழக்கம். கெசியாவும் அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் ஆற்று வாய்க்கு நேரே வந்தபோது சத்தம் நின்றுவிட்டது. குதிரைக் குளம்புகள் நசநசவென்று ஈரத்தில் விழ ஆரம்பித்தன.

"நிறுத்தாத," என்றான் லெமுவேல் தம்பியிடம். "என்ன ஆனாலும் நிறுத்தாத. சீரா போ."

"தண்ணி மேல வருதுண்ணே."

"வரட்டும். மேல் தண்ணிதான் அது."

அவன் சொல்லி முடிக்கவில்லை. சேபாவின் பின்பக்கம் உட்கார்ந்தது. அப்படித்தான் தெரிந்தது, குதிரை உட்கார்ந்த மாதிரி. அடுத்த கணம் அதன் பின்னங்கால்கள் இரண்டும் உள்ளே போய், கறுப்புத் தண்ணீர் பொங்கி வந்தது. முன்னங்கால்களால் பாளத்தின் விளிம்பை அடித்து அடித்து அது உடைத்தது. பக்கத்தில் சாலமோன் சேணத்தோடு சரிந்தது.

லெமுவேல் ஓடி நடுவில் குதித்தான். இரண்டையும் பிணைத்திருந்த கொக்கியைக் கழற்றுவதற்குள் அவன் நின்ற இடமும் உடைந்தது. இடுப்பு வரை தண்ணீரில் தொங்கியபடி, ஒரு கையால் சேணத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கத்தியை எடுத்து வாரை அறுத்தான். சாலமோன் விடுபட்டு முன்னால் பாய்ந்தது. பின்னால் ஆண்கள் பலகையோடு ஓடிவந்தார்கள், ஆனால் தூரத்தில் இருந்தார்கள். பக்கத்தில் இருந்தவள் கெசியா ஒருத்திதான்.

"கயிறு," என்றான் லெமுவேல். "கழுத்துக் கயிறு. இழு கெசியா."

ஐஸில் வேலை செய்கிற குதிரை எல்லாவற்றுக்கும் கழுத்தில் ஒரு சுருக்குக் கயிறு கிடக்கும். உள்ளே விழுந்தால் அதை இறுக்கி மூச்சை அடைக்க வேண்டும். மூச்சு அடைத்தால் குதிரை உதைக்காது, வயிறு காற்றோடு உப்பி மேலே மிதக்கும், அப்போதுதான் இழுத்துப் போட முடியும். கெசியாவுக்கு அது தெரியும். கயிற்றைப் பல வருஷம் அவளே முறுக்கிக் கொடுத்திருக்கிறாள். இழுத்ததில்லை.

அவள் மண்டியிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். சேபாவின் கண் அவளைப் பார்த்தது.

"இழுடி. யோசிக்காத."

இழுத்தாள். கயிறு ரோமத்துக்குள் புதைந்தது. குதிரை வாய் திறந்து மூடியது. குதிகாலைப் பனியில் ஊன்றி, கயிற்றைத் தோளில் போட்டு, பாரம் இழுக்கிறவள் மாதிரி பின்பக்கமாகச் சாய்ந்தாள். சேபாவின் கால்கள் மெதுவாகின, நாக்கு வெளியே வந்தது. அது செத்துவிட்டது என்றே அவள் நினைத்தாள். நினைத்தும் விடவில்லை.

"மிதக்குது," என்று யாரோ சொன்னார்கள். தியோஃபில் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்து பலகையைச் செருகினான். ஜோத்தாம் தன் குதிரையின் கயிற்றை வீசினான். சேபா பக்கவாட்டில் சரிந்து, நனைந்த மூட்டை மாதிரி பாளத்தின் மேல் வந்து விழுந்தது. கெசியா சுருக்கைத் தளர்த்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. தியோஃபில் அதன் விலாவில் காலால் ஓங்கி ஒரு உதை விட்டான். அப்போது பெரிய இருமலோடு மூச்சு திரும்பியது.

லெமுவேலைத் தண்ணீரிலிருந்து தூக்கி வெளியே விட்டார்கள். அவன் கால்சட்டை அவன் நிற்கும்போதே உறைந்து தகரமானது.

"கரைக்குப் போ," என்றாள் கெசியா. "லெம், எனக்குக் கோவில் வேணாம். விட்டுடு. வா போலாம்."

அவன் கோவிலைத் திரும்பிப் பார்த்தான். முன்பக்கம் ஒரு கை அளவு தாழ்ந்து, கட்டைகளைச் சுற்றித் தண்ணீர் நின்றது. மணிக்கூண்டு ஏரிப் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"இப்ப வேணாங்கற," என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை அதிகம் குத்தியது. "பாதி வழியில வச்சிட்டுப் போனா நாளைக்குக் காலையில அது அடியில இருக்கும். போய் எனக்கு உலர்ந்த துணி கொண்டா. ஜோத்தாம், அந்தத் தலைப்பாரம் ஜாஸ்தி. அதான் முன்னால அமுக்குது."

"மணிய இறக்கிடலாம்," என்றார் குருவானவர்.

"மணி மட்டும் போதாதுங்க ஐயா. கூண்டு முழுக்கக் கல்லு மாதிரி கனம், ஓக்குல அடிச்சிருக்காரு மாமா." லெமுவேல் தயங்கினான். கெசியாவைப் பார்க்கவில்லை. "அத அறுக்கணும்."

அது யாருடைய கை வேலை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று கெசியாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அறுங்க," என்றாள். "என்னை ஏன் பாக்கறீங்க? ரம்பம் எங்க, எடுத்துட்டு வாங்க."

தியோஃபில்தான் ஏறினான். உள்ளே யாரும் போகக் கூடாது என்று சொன்ன லெமுவேல், நனைந்த கால்சட்டைக்கு மேல் யாருடைய கோட்டையோ கட்டிக்கொண்டு அவனுக்குப் பின்னால் உள்ளே போனான். முதலில் மணியைக் கயிற்றில் இறக்கினார்கள். கணப்பு அடுப்பும் இருக்கைகளும் கை மாறிக் கை மாறி வெளியே வந்து, நல்ல பாளத்தின் மேல் ஒழுங்கில்லாமல் குவிந்தன. அப்புறம் ரம்பச் சத்தம். ஓக் மரம் லேசில் அறுபடாது. கெசியா சேபாவின் மேல் கம்பளியைப் போர்த்தி, அதைக் கரைப் பக்கமாக நடத்திக்கொண்டே ஒவ்வொரு இழுப்பையும் காதால் கேட்டாள். மேலிருந்து தியோஃபில் ஏதோ பிரெஞ்சில் பாடுவதும், லெமுவேல் இருமுவதும் கேட்டது.

கூண்டு விழுந்தபோது அவள் திரும்பிப் பார்த்தாள். சிலுவை முதலில் பாளத்தில் குத்தி நின்று, பிறகு படுத்துக்கொண்டது. கோவிலின் முன்பக்கம் மெல்ல, பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருகிற அளவு மெல்ல, மேலே எழும்பியது.

மூன்று குதிரைகள் உறுதியான பாளத்தில் வெகுதூரம் தள்ளி நின்று நீள வடத்தில் இழுத்தன. கட்டைகளுக்கு அடியில் பலகை போட்டுப் போட்டு எடுத்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் புனித அந்திரேயா ஆலயம், நெற்றியில் பெரிய ஓட்டையோடு, போர்ட் லைல் கரையில் ஏறி நின்றது. கைதட்ட யாருக்கும் தெம்பு இல்லை.

அன்றிரவே லெமுவேலுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விடும்போது ஏரி முனகுவது போலவே முனகினான். கெசியா வெங்காயத்தை வதக்கித் துணியில் கட்டி நெஞ்சில் வைத்தாள், கடுகுப் பற்றுப் போட்டாள். தண்ணீர் காய்ச்சி ஆவி பிடிக்கவைத்தாள். ஜெபப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து, ஒரு வரியும் ஓடாமல் மூடிவைத்தாள்.

ஈஸ்டருக்கு முன்னால் அவன் எழுந்து உட்கார்ந்தான். இருமல் மட்டும் போகவில்லை. ஒரு நாள் கஞ்சி கொடுக்கும்போது அவள், "லெம், அன்னைக்கு நான் மேஜையில சொன்னது," என்று ஆரம்பித்தாள்.

"விடு."

"இல்ல, நான் என்ன சொல்ல வரேன்னா..."

"விடுன்னேன்ல. கஞ்சியில உப்பு இல்ல."

அவ்வளவுதான். அவன் சண்டையும் போடவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், சேபாவுக்குத் தவிடு வைத்தான், அவளிடம் தேவையானதைப் பேசினான். போர்ட் லைலில் எல்லோரும் அவன் முதுகைத் தட்டினார்கள். அவன் கோவிலுக்கு வந்தாலும் உள்ளே உட்காருவதில்லை. கதவோரம் நின்று, ஆசீர்வாதம் முடிந்ததும் முதல் ஆளாக வெளியே போய்விடுவான். இருமினால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று காரணம் சொன்னான். ஜோத்தாமும் தியோஃபிலும் அவன் இருக்கும்போது கெசியாவின் சமையலைப் பற்றி மட்டும் பேசினார்கள். அந்தக் காலைப் பேச்சு அவர்கள் மூவர் காதிலும் அப்படியே உட்கார்ந்திருந்தது என்று அவளுக்குத் தெரியும். அடுப்படியில் தனியாக மன்னிப்புக் கேட்டு அதை எடுத்துவிட முடியாது என்பதும் மெல்ல மெல்லத் தெரிந்தது.

ஜூனில் பேராயர் வந்து ஆலயத்தைப் புது இடத்தில் பிரதிஷ்டை செய்தார். ஓட்டையைப் பலகை வைத்து அடைத்துச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். மணி வெளியே இரண்டு கம்பங்களுக்கு நடுவில் தொங்கியது. ஊரே வந்திருந்தது, காங்கிரகேஷன்காரர்கள்கூட ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். தியோஃபில் வாசற்படியில் உட்கார்ந்து, உள்ளே வந்தால் தன் பாதிரியார் கொன்றுவிடுவார் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆராதனையின் நடுவில் குருவானவர் அவெரில் எழுந்து, சபையின் வரலாறு என்று தாம் எழுதியதை வாசித்தார். ஓபெத் கட்டியது, ஆலை ஓடியது, ரயில் வந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கெசியாவின் பேர் வந்தபோது சிலர் திரும்பிப் பார்த்தார்கள். "சகோதரி ப்ரூயிட்டின் தளராத விசுவாசத்தினால், தேவன் ஏரியின் பனியைக் கற்பாறையைப் போலத் தாங்கச் செய்து, தமது ஆலயத்தைச் சேதமின்றிக் கடக்கப்பண்ணினார்," என்று அவர் முடித்தார்.

பேராயர் தலையசைத்தார். கதவோரத்தில் ஒரு இருமல் கேட்டது.

கெசியா எழுந்து நின்றாள். ஆராதனை நடுவில் ஒரு பெண் எழுந்து நிற்பதை அந்தக் கோவில் பார்த்ததில்லை. உடம்புக்கு ஏதோ என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவள் வழிவிட்டாள்.

"தாங்கல, ஐயா," என்றாள்.

குருவானவர் காகிதத்தைத் தாழ்த்தினார். "என்னம்மா?"

"பாளம் தாங்கல. உடைஞ்சுது. நீங்களும் அங்கதான நின்னீங்க. குதிரை உள்ள போச்சு, என் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணியில கிடந்தாரு. எங்கப்பாவோட கூண்டு போச்சு." பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "விசுவாசம்னு எழுதியிருக்கீங்க. அது விசுவாசம் இல்லைங்க. பாளம் சரியில்ல, அடுத்த வருஷம் பாக்கலாம்னு அவர் சொன்னாரு. நான் பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன். அவர் தம்பி முன்னாடி, வேலைக்காரன் முன்னாடி சொன்னேன். அதனாலதான் அவர் போனாரு. தப்பு என்னுது. எழுதறதா இருந்தா அதயும் எழுதுங்க."

வெளியே வாசற்படியில் தியோஃபில் தொண்டையைச் செருமினான். பேராயர் முன்னால் சாய்ந்து குருவானவரைப் பார்த்தார்.

"எப்படி எழுதட்டும்?" என்றார் குருவானவர் மெதுவாக. அவர் கேட்டது கெசியாவிடம் அல்ல, அவளுக்குப் பின்னால் கதவோரம் நின்றவனிடம்.

எல்லாத் தலைகளும் திரும்பின. லெமுவேல் தொப்பியை உருட்டிக்கொண்டு நின்றான். கடையில் உப்புக் கேட்கக்கூட முடியாதவனை ஊர் முழுவதும் பார்த்தது.

"பாளம் உடைஞ்சுது, கோவில் வந்துது," என்றான். "அது போதுங்க ஐயா. வீட்டுப் பேச்செல்லாம் எதுக்கு புஸ்தகத்துல?"

குருவானவர் பென்சிலை எடுத்து ஒரு வரியை அடித்துவிட்டு, நின்றபடியே எழுதினார். கெசியா உட்காரவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் முன்னால் இருந்த இருக்கையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து கனமான பூட்ஸ் சத்தம் பலகைத் தரையில் நடுவழியாக வந்து, அவள் வரிசையில் நின்றது.

"கொஞ்சம் நகரு," என்றான் லெமுவேல்.